கூரை வைக்காதவள்

முதல் வாளித் தண்ணீரிலேயே கூரையின் இடது முனை கரைந்துவிட்டது. பச்சையும் சிவப்பும் கலந்து படிகளின் மேல் வழிந்தன. ஓக்சிம் இரண்டாவது வாளியைத் தூக்கினாள்.

"ஏம்மா, ஏம்மா, நிறுத்தும்மா!" மன்போக் ஓடி வந்து வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். சினிமாக் கொட்டகைக்கு பேனர் வரைகிறவன். காதில் தூரிகை செருகியிருந்தது. "காலையிலேர்ந்து கழுத்து ஒடிய வரைஞ்சிருக்கேன்."

"யாரு வரையச் சொன்னது?"

"சங்கத் தலைவரு."

"யாரு துணியில?"

மன்போக் துணியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "ஓட்டுக்கு இன்னும் நிழல்கூடப் போடலம்மா."

"நிழல் வேறயா? கையை எடு. இல்லேன்னா உன்னையும் சேத்துக் கழுவிடுவேன்."

கண்ணீர் விடும் கதாநாயகிகளை ஆள் உயரத்துக்கு மேல் வரைந்து பழகியவன் அவன். கோபப்படுகிற ஒருத்தியை வரைய யாரும் அவனுக்கு வேலை கொடுத்ததில்லை. கையை எடுத்துவிட்டான்.

இரண்டாவது வாளியில் நடு முகடு போயிற்று. முகட்டின் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்த சின்னச் சின்ன மிருகப் பொம்மைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி, சிவப்புத் தூண்களில் வழுக்கி, தரையில் குட்டையாய்த் தேங்கின. அந்த நேரத்தில்தான் வாசலில் பட்டுப் பாவாடைகள் வந்து நின்றன. கேசோங்காரர் சங்கத் தலைவர் கோங் பில்சூவின் அறுபதாம் பிறந்தநாள் கூட்டம். மருமகள்கள், சம்பந்திகள், தோட்டத்து ஆட்கள், கேசோங்கிலிருந்து வந்து இந்தத் தீவில் தங்கிய குடும்பங்கள் எல்லாம். படம் எடுத்துக்கொள்ள வந்தவர்கள். வண்ணத் தண்ணீர் தங்கள் வெள்ளை ரப்பர் செருப்புகளை நோக்கி வருவதைக் கண்டு மொத்தக் கூட்டமும் ஒரே அடியாகப் பின்னால் நகர்ந்தது.

முந்தின நாள் சாயங்காலமே பில்சூ வந்து கேட்டிருந்தார். அவள் மாட்டேன் என்றும் சொல்லியிருந்தாள்.

அவளுடைய போட்டோக் கடையின் பின்சுவர் முழுவதும் தொங்கும் அந்தத் துணியில் இருப்பது, கேசோங்கின் பழைய அரண்மனைத் திடலான மன்வோல்தேயின் படிக்கட்டு. அகலமான கல் படிகள், ஓரங்களில் சரிந்தும் உடைந்தும். மேலே ஒன்றும் இல்லை. புல், அதற்கு மேல் வானம். அங்கே இருந்த அரண்மனை எரிந்து அறுநூறு வருஷம் ஆகிறது. கேசோங்கில் பிறந்தவர்களில் அதைக் கண்டவர் யாருமில்லை. படிகளைத்தான் கண்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் வகுப்புப் படம் எல்லோருக்கும் அந்தப் படியில்தான் எடுத்தது. போர் முடிந்து எல்லைக்கோடு விழுந்தபோது கேசோங் வடக்கே, அந்தப் பக்கம் போய்விட்டது. கடல் கழியைத் தாண்டி கங்ஹ்வா தீவுக்கு வந்தவர்கள், கல்யாணமோ, குழந்தையின் முதல் பிறந்தநாளோ, அறுபது நிறைவதோ, எதுவானாலும் இந்தத் துணிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். துணியின் காலடியில் பலகையால் செய்த நிஜப் படிகள் இருந்தன. அவற்றுக்கும் ஓக்சிம் கல் நிறம் பூசியிருந்தாள். எது பலகை, எது துணி என்று படத்தில் யாராலும் சொல்ல முடியாது.

"இந்தத் தடவை மேலே ஒரு அரண்மனை வச்சிடு ஓக்சிம்" என்று பில்சூ நேற்று சொன்னார். சம்மதம் வாங்கிவிட்ட குரலில்தான் எதையும் கேட்பார்.

"வைக்க மாட்டேன்."

"ஏன், கை வலிக்குமா?"

"அங்க இல்லையே."

"படம்தானேம்மா. இருக்கறதை மட்டும் வரையறதுக்கா படம்?"

அவருக்கு ஜின்செங் என்கிற மருந்து வேர்த் தோட்டம். அந்தச் செடிக்கு வெயில் ஆகாது. பாத்திக்குப் பாத்தி வைக்கோல் கூரை போட்டு வளர்ப்பார்கள். மலைச்சரிவு முழுக்க அவருடைய கூரைகள்தான்.

"எதைப் பார்த்தாலும் கூரை போடத் தோணுது உங்களுக்கு" என்றாள் ஓக்சிம். "இது ஜின்செங் இல்ல, தலைவரே."

"சிரிக்காதே. இந்தப் படம் சியோல்ல நம்ம சங்கத்துப் புதுக் கட்டடத்துல மாட்டப்போறது. பக்கத்து அறை பியோங்யாங்காரன் சங்கத்துது. அவன் படத்தைப் பார்த்தியா? ஆத்தங்கரை மண்டபம், ஓடு, தூணு, என்னமா இருக்கு. நம்ம பழைய படத்தைப் பார்த்துட்டுக் கேக்கறான், உங்க ஊர்ல கூரையே கிடையாதா, மழை பெஞ்சா என்ன பண்ணுவீங்கன்னு."

"குடை பிடிப்போம்னு சொல்றது."

பில்சூ சிரிக்கவில்லை. பலகைப் படியில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"நான் வந்தப்ப கையில என்ன இருந்துதுன்னு உனக்குத் தெரியும். ஒரு பொட்டலம் விதை. யாரும் வேண்டாம்னு போட்ட கல்லுக்காட்டைக் கொத்தினேன். இன்னிக்கு நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேர் என் தோட்டத்துலதான் கஞ்சி குடிக்கறாங்க. அறுபது வயசுல நான் இடிஞ்ச படியில உக்காந்து படம் எடுத்துக்கணுமா? பிச்சைக்காரன் மாதிரி?"

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

"நீ வாங் வம்சம்" என்றார் அவர். "ராஜா பரம்பரை. உன் பாட்டன் பூட்டன் வாழ்ந்த வீடு. அதுக்கு நாலு ஓடு போட உனக்கே மனசு வரலியா?"

"என் வீடுதானே? அப்ப கூரை வேணுமா வேண்டாமான்னு நான்தான் சொல்லணும்."

பில்சூ தொப்பியைப் போட்டுக்கொண்டு எழுந்தார். "பஸ் நிலையத்துக்கிட்ட புதுசா ஒருத்தன் கலர்ல எடுக்கறான். நான் ஒரு வார்த்தை சொன்னா சங்கத்துல ஒரு குஞ்சுகூட உன் படியில ஏறாது. யோசிச்சுக்கோ."

யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. அவர் சொல்வது நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். கேசோங்காரர்கள் வராவிட்டால் இந்தக் கடைக்கு மிஞ்சுவது சிப்பாய்களின் அடையாள அட்டைப் படம்தான். மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்தில் படம் எடுக்கிற வேலை இருந்தது. கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். சாவி வழக்கம்போலப் பக்கத்துப் பாய்க்கடையில் ஆணியில் தொங்கியது. அது அங்கே தொங்கும் என்று ஊருக்கே தெரியும். திரும்பி வந்து பார்த்தபோது படிகளுக்கு மேல் ஓர் அரண்மனை உட்கார்ந்திருந்தது.

வாங் என்ற பெயரைத் தவிர ராஜா பரம்பரையிலிருந்து அவளுக்கு எதுவும் வந்து சேரவில்லை. அப்பா மாட்டுவண்டி ஓட்டினார். அம்மா கிம்ச்சி விற்றாள். முட்டைக்கோஸ் இலையை விரித்து, அதற்குள் காய், பழம், சிப்பி எல்லாம் வைத்து மூட்டையாகக் கட்டிப் புளிக்கவைக்கிற கேசோங் கிம்ச்சி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றுலா வரும் நாட்களில் மன்வோல்தே படியின் உடைந்த ஓரத்தில் பானையோடு உட்கார்ந்துவிடுவாள். ஜப்பான் போலீஸ்காரன் விரட்டினால் பானையைத் தலையில் தூக்கிக்கொண்டு படியேறி, மேலே புல்வெளியைக் கடந்து, இன்னொரு படிக்கட்டு வழியாக இறங்கி வந்து அதே இடத்தில் உட்காருவாள். ஓக்சிம்மின் வகுப்புப் படத்தில், கடைசி வரிசைக்குப் பக்கத்தில், பாதிப் பானையும் ஒரு முழங்கையும் விழுந்திருந்தன. ஆசிரியர் அதைப் பார்த்துத் திட்டினார். ஓக்சிம்முக்கு அந்தப் படத்தில் பிடித்ததே அந்த முழங்கைதான்.

பின்வாங்கும் படை ஊரைக் காலிசெய்யச் சொன்னபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. குளிர்காலத்துக்குக் கிம்ச்சிப் பானைகளை மண்ணில் புதைத்து முடித்திருந்தார்கள். இவ்வளவையும் யாருக்கு விட்டுவிட்டு வருவது, நீ போயிட்டு வா என்று அம்மா சொன்னாள். ஓக்சிம் போனாள். வரத்தான் முடியவில்லை.

தீவில் ஹ்வாங் என்பவனைக் கட்டிக்கொண்டாள். அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிறவன். தொழிலை அவன் அவளுக்குக் கற்றுத் தரவில்லை. இருட்டறைக்குள் போனால் தூங்கிவிடுவான், பாதியில் கிடக்கும் வேலையை அவள் முடிப்பாள். கொஞ்ச வருஷத்தில் ஒரு பாட்டுக்காரியோடு இஞ்சோனுக்குப் போய்விட்டான். "கேமராவை விட்டுட்டுப் போனான், அந்த ஒரு விஷயத்துல யோக்கியன்" என்று அவள் சொல்வாள். அவனைப் பற்றி அதற்குமேல் அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

துணி, பழைய உப்புப் படகின் பாய். வண்ணத்துக்கு வச்சிரப் பசை, சுண்ணாம்புப் பொடி, விளக்குக் கரி. முதலில் வரைந்தது கடல் ஈரத்தில் ஒரே மழைக்காலத்தில் உதிர்ந்தது. மறுபடி வரைந்தாள். இந்தத் தடவை, வீட்டுத் தரையில் ஒட்டும் காகிதத்துக்குப் பூசுகிற எண்ணெயைக் காய்ச்சி, காயக் காயப் பூசிக்கொண்டே போனாள். துணி தோல் மாதிரி ஆயிற்று. வரையும்போது கேசோங்காரர்கள் சுற்றி நின்று சண்டை போட்டார்கள். மேலே வலது பக்கம் ஒரு பைன் மரம் உண்டு என்றார் ஒருவர். அது இடது பக்கம் என்றார் இன்னொருவர். அதைத்தான் வெட்டிட்டானே, உங்க கண்ணு பொட்டையா என்று மூன்றாமவர். "மரம் வேணும்கறவங்க படம் எடுக்கும்போது கையைத் தூக்கிக்கிட்டு நில்லுங்க" என்றாள் ஓக்சிம். மரம் இல்லாமலே துணி முடிந்தது. அன்றிலிருந்து யாரும் எதையும் சேர்க்கச் சொன்னதில்லை. நேற்று வரைக்கும்.

மூன்றாவது வாளிக்கு அவள் குழாயடிக்குப் போகத் திரும்பியபோது கூட்டத்தை விலக்கிக்கொண்டு பில்சூ உள்ளே வந்தார். வெள்ளைப் பட்டு மேலங்கி. மார்பில் பூ.

"என்ன பண்றே?"

"வீடு கழுவறேன்."

"பைத்தியம் பிடிச்சிருக்கா? விருந்தாளிங்க நிக்கறாங்க!"

"படி காஞ்சதும் உக்காரலாம். அவசரமில்ல."

"மன்போக்! போடு மறுபடியும்!"

"ஈரத்துல நிக்காது தலைவரே" என்றான் மன்போக். சட்டென்று ஆச்சரியத்தோடு துணியைக் காட்டினான். "படிக்கு ஒண்ணுமே ஆகல, பாத்தீங்களா? என்னுது மட்டும்தான் போவுது."

பில்சூவின் மனைவி பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு குட்டைகளைத் தாண்டி வந்தாள். அவளை எல்லோரும் மூத்த மகன் பெயரைச் சொல்லி யோங்தே அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். "இரு ஓக்சிம், மிச்சத்தை ஊத்தாதே" என்றாள். துணிக்கு மிக அருகே போய், கரையாமல் நின்ற வலது பக்கத்து இரட்டைக் கூரையையும் அதன் கீழே தூண்களையும் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தாள்.

"இதை நான் தினம் பாக்கறேனே."

"எங்க பார்த்தே? சும்மா இரு" என்றார் பில்சூ.

"நீ எதைப் பார்த்து வரைஞ்சே?" என்று அவள் மன்போக்கைக் கேட்டாள்.

மன்போக் கால்சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினான். அவள் பிரித்தாள். மேலே வண்ணத்தில் அரண்மனை. கீழே தேதிகள்.

"அட, செப்டம்பர்!" என்றாள் யோங்தே அம்மா. "காலையில ஆகஸ்டைக் கிழிக்கறேன், நேரா அக்டோபர் வந்து நிக்குது. என்னடா இது, இந்த மனுஷனோட பிறந்தநாளையே காணோமேன்னு வீடெல்லாம் தேடிட்டு வந்தேன்."

கூட்டம் சிரித்தது. அவள் தாளை உயர்த்திப் பிடித்தாள். "இது சியோல் அரண்மனை. சோங்கே கட்டினது."

சிரிப்பு நின்றது.

யி சோங்கே செத்து ஐநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கேசோங்காரர்களுக்கு அது போன வாரம். வாங் அரசர்களைக் கவிழ்த்தவன். அந்த வம்சத்தைப் படகில் ஏற்றி இதே தீவின் துறையில் மூழ்கடித்தவன். தலைநகரைச் சியோலுக்குத் தூக்கிக்கொண்டு போனவன். புத்தாண்டுக் கஞ்சிக்கு அரிசி மாவை உருட்டி நடுவில் நெரிக்கும்போது இன்றைக்கும் கேசோங் வீடுகளில் அவன் கழுத்தை நினைத்துத்தான் நெரிப்பார்கள். பன்றிக் கறிக்கும் அவன் பெயரை வைத்து மெல்லுவார்கள்.

"பில்சூ" என்று பின்னாலிருந்து ஒரு முதியவரின் குரல் வந்தது. தோட்டத்தில் காவல் இருக்கும் சா என்பவர். "அறுபதாம் விருந்தை சோங்கே வீட்டு வாசல்லயா வைக்கப் பார்த்தே?"

"உள்ள போய் ஒரு கும்பிடும் போட்டுட்டு வந்திருப்போம்" என்றது இன்னொரு குரல்.

"ஊத்து ஓக்சிம், ஊத்து! தண்ணி நான் கொண்டாறேன்!"

வாளி கை மாறிக் கை மாறி உள்ளே வந்தது. ஓக்சிம் ஊற்றினாள். வலது முகடும் இறங்கியது. கைதட்டினார்கள். ஒரு மருமகள் கைக்குட்டையால் ஓக்சிம்மின் நெற்றியைத் துடைத்துவிட்டாள். பில்சூவின் முகம் கரைந்த தூண்களின் நிறத்தில் இருந்தது.

ஆனால் அவர் விதைப் பொட்டலத்தை வைத்து மலையை வாங்கியவர். கைதட்டல் அடங்கும் வரை காத்திருந்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார்.

"தப்புதான்" என்றார். "எனக்கு என்ன தெரியும்? அரண்மனைன்னா அரண்மனைன்னு நினைச்சேன். நம்மளுது எப்படி இருந்துதுன்னு இங்க யாருக்காவது தெரியுமா?"

யாருக்கும் தெரியவில்லை.

"தெரியாதுல்ல? அப்ப ஓக்சிம்தான் வரையணும். வாங் வம்சத்துக்காரி. நீ எப்படி வரைஞ்சாலும் சரி. சின்னதா போடு, பெருசா போடு. இன்னிக்கு இல்லேன்னா நாளைக்கு எடுத்துக்கலாம். எல்லாரும் மறுபடி வருவோம்." குரலைத் தாழ்த்தினார். "சங்கம் பூரா வச்சுக் கேக்கறேன். நான் யார்கிட்டயும் இப்படிக் கேட்டதில்ல."

அது உண்மை. கூட்டம் இளகிவிட்டது. "அதானே, அவ கையாலயே வரையட்டும்" என்றார்கள். "நம்ம அரண்மனை" என்று ஒரு பெண் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். எல்லா முகங்களும் ஓக்சிம்மைப் பார்த்துப் பிரியமாக இருந்தன. ஒரு தலையசைப்பு போதும். துணியும் பிழைக்கும், கடையும் பிழைக்கும், அவர் மானமும் பிழைக்கும்.

ஓக்சிம் வாளியைக் கீழே வைத்தாள்.

"மாட்டேன்."

"இன்னும் என்ன? சோங்கேதான் போயிட்டானே!"

"சோங்கே வீடுன்னு நான் கழுவல. கூரைன்னு கழுவினேன்."

பில்சூவைப் பார்த்தே தொடர்ந்தாள்.

"எங்கம்மா அந்தப் படியில உக்காந்து கிம்ச்சி வித்தா. உங்கம்மா அங்கதான் மிளகாய் காயவச்சாங்க, நீங்களே எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க. சா மாமா அங்க படுத்துத் தூங்குவாரு. கூரை இருந்திருந்தா? வாசல்ல காவக்காரன் ஈட்டியோட நின்னிருப்பான். நாம எல்லாம் தெருவுல முகத்தை மண்ணுல வச்சுக் கெடந்திருப்போம். வாங்காவது, கோங்காவது. கூரை போன அப்புறம்தான் அது நம்மளுது ஆச்சு. ஒருத்தனை மறுபடியும் அதுக்குள்ள குடிவைக்க என் கையால முடியாது. சோங்கேயா இருந்தாலும் சரி, என் பாட்டனா இருந்தாலும் சரி."

இது யாருக்கும் பிடிக்கவில்லை. அவள் அதைக் கண்ணெதிரே பார்த்தாள். நெற்றியைத் துடைத்துவிட்ட மருமகள் கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள். "பேச்சு ஒரு மாதிரியா இருக்கே" என்று ஒருவர் சொல்லிவிட்டு வாசல் பக்கம் பார்த்தார். ராஜாவைப் பற்றிப் பேசினாலும் யாராவது ஜனாதிபதியைப் பற்றிப் பேசியதாக எழுதிக் கொடுத்துவிடுகிற காலம்.

பில்சூ தொப்பியைப் போட்டுக்கொண்டார். "அப்ப சரி. நான் கேட்டதை எல்லாரும் பார்த்தீங்க. அவ சொன்னதையும் கேட்டீங்க. வாங்க, பஸ் நிலையத்துக்குப் போவோம்."

பட்டுப் பாவாடைகள் திரும்பின. தோட்டத்து ஆட்கள் காலைப் பார்த்துக்கொண்டே போனார்கள். சா மட்டும் ஓக்சிம்மின் அருகே வந்தார்.

"நான் அவன் தோட்டத்துல இருக்கேன் ஓக்சிம்."

"தெரியும் மாமா. போங்க."

"ரொம்ப நல்லாத் தூக்கம் வரும் அந்தப் படியில" என்று சொல்லிவிட்டு அவரும் போனார்.

யோங்தே அம்மா போகவில்லை. செப்டம்பர் தாளை மறுபடி நாலாக மடித்துக்கொண்டு நின்றாள். பில்சூ வாசலிலிருந்து திரும்பினார்.

"வா."

"நீங்க போங்க."

"நீ இல்லாம அறுபதாம் படமா? என்ன விளையாட்டு இது?"

"இங்க உக்காந்தா நானும் உக்காருவேன். அங்கன்னா நான் இல்ல."

"அவ சொன்னதுதான் உனக்கும் சரியாப் படுதா?"

"அவ என்ன சொன்னான்னு எனக்கு முழுசாப் புரியல" என்றாள் அவள். "கல்யாணத்துக்கு முன்னால என்னைத் திருட்டுத்தனமாப் பார்க்க வந்தீங்களே, ஞாபகம் இருக்கா? தண்ணி எடுக்கற பாதையில நான் வரேன். நீங்க அந்தப் படியில உக்காந்து முலாம்பழம் தின்னுக்கிட்டிருக்கீங்க. தாடையெல்லாம் வழியுது. இந்த மூஞ்சிதான் போலன்னு நானும் பார்த்தேன். அரண்மனைக்குள்ள இருந்திருந்தா நான் எங்கேர்ந்து பாக்கறது?"

வாசலுக்கு வெளியே நின்றவர்களில் சிலர் சிரித்தார்கள். பில்சூவின் கை தானாக எழுந்து தாடையைத் தடவியது. அதைக் கவனித்ததும் கையைக் கீழே இறக்கினார். கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே ஓர் அடி வைப்பார் என்று ஓக்சிம்முக்குத் தோன்றியது. தெருவில் அத்தனை பேரும் அவர் வரக் காத்திருந்தார்கள். அவர் போய்விட்டார்.

யோங்தே அம்மா பலகைப் படியைக் கையால் தொட்டுப் பார்த்தாள்.

"ஈரம்" என்றாள் ஓக்சிம். "பட்டு பாழாயிடும், அக்கா."

"ஆகட்டும். இன்னொரு தடவை எப்பக் கட்டப்போறேன்?"

நடுவில் உட்காரப் போனவள், மனத்தை மாற்றிக்கொண்டு ஓரத்துக்கு நகர்ந்தாள். அவள் உட்கார்ந்த இடத்துக்குப் பின்னால், துணியில், கல் உடைந்த ஓரம் இருந்தது. ஓக்சிம் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தாள். கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரிந்தது. படிகள் மேலேயிருந்து தொங்கின. அவற்றுக்குக் கீழே வானம், காலியாக. கூரை இருந்த இடத்தில் பச்சையாக ஒரு கறை.

"வானத்துல கறை இருக்கு" என்றாள் துணிக்குள்ளிருந்து.

"படத்துல தெரியுமா?"

"மேகம் மாதிரித் தெரியும்."

"அப்ப மேகம்தான். அந்தப் பக்கம் எப்பவும் மேகம்தானே. சிரிக்கணுமா?"

"உங்க இஷ்டம்."

அவள் சிரிக்கவில்லை. கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, விலை கேட்டுப் பேரம் பேசுகிறவரைப் பார்க்கிற மாதிரி கேமராவைப் பார்த்தாள். ஓக்சிம் ரப்பர்க் குமிழை அமுக்கினாள்.

"வெளிக் கண்ணாடியில மாட்டட்டுமா?" என்று கேட்டாள்.

"மாட்டு. தெருவுல போறவனை நான் பாக்கற மாதிரி மாட்டு."

மன்போக் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனை யாரும் துடைக்கச் சொல்லவில்லை.

மறுநாள் மழை பெய்தது. ஓக்சிம் வழக்கமான நேரத்துக்குக் கடையைத் திறந்தாள். யோங்தே அம்மாவின் படத்தைச் சட்டமிட்டுக் கண்ணாடிக்குள் மாட்டினாள். முற்பகலில் இரண்டு சிப்பாய்கள் அடையாள அட்டைக்குப் படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு வெள்ளைத் திரைதான் வேண்டும். ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள் படத்துக்கு வருவதாக இருந்த கேசோங் குடும்பம் வரவில்லை. வேறு இடத்தில் எடுத்துக்கொள்வதாகப் பாய்க்கடையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். பாய்க்கடைக்காரி இன்னொன்றும் சொன்னாள். பஸ் நிலையத்துக் கடையில் பில்சூவுக்கு இரண்டு நாற்காலி போட்டிருந்தார்களாம். ஒன்றை எடுத்துவிடலாமா என்று படக்காரன் கேட்டதற்கு, இருக்கட்டும் என்றாராம். கலர்ப் படம் சியோலுக்குப் போய்க் கழுவி வர நாளாகும்.

மதியம் பில்சூவின் லாரி தெருவழியாகப் போயிற்று. கண்ணாடிக்கு எதிரே கொஞ்சம் மெதுவானது. நிற்கவில்லை. மன்போக் மறந்துவிட்டுப் போன தூரிகையை வாங்கிக்கொள்ள வந்து, துணியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அந்தக் கறையை நீல வண்ணத்தால் மூடித் தருவதாகச் சொன்னான். வேண்டாம் என்றாள். சாயங்காலம் விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டினாள். பாய்க்கடைக்காரி வழக்கம்போல ஆணிப் பக்கம் கையை நீட்டினாள். ஓக்சிம் சாவியைத் தன் இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.